நடுச்சுவர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சின்னவளும் நலம். துறைமுகத்தில் காற்று அதிகம், கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது என்று போன தடவை சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து இங்கே ஜன்னல் கதவு படபடவென்று அடித்தாலே எனக்கு அந்தக் கூண்டு ஞாபகம்தான் வருகிறது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எத்தனை வருஷமா ஏறுறேன், எனக்குத் தெரியாதா என்பீர்கள். தெரிந்தவர்கள்தான் மறக்கிறவர்கள். அதற்கு நானே சாட்சி, மேலே படியுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பாதியில் லைன் போய்விடும். கடிதம் என்றால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் என் காதில் விழாது. அதனால்தான்.

திங்கட்கிழமை நம் மனையில் குழி தோண்ட ஆரம்பித்தோம். எங்கள் ஆபீசில் என்னைக் குழியம்மா என்று கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். ஊரார் வீட்டுக்கெல்லாம் அஸ்திவாரம் வரைந்து கொடுக்கிறவள். வருகிறவர்கள் எல்லோரிடமும், முதலில் ஒரு சோதனைக் குழி தோண்டிக் காட்டுங்கள், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பென்சிலைத் தொட மாட்டேன் என்று சட்டம் பேசுகிறவள். ஆனால் நம் வீட்டுக்கு அந்தக் குழியை நான் தோண்டவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏன் தோண்டவில்லை? அந்தக் குழியை உங்கள் அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாகம் பிரித்து ஏழு வருஷமாக நீங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதனால் நீங்கள் வரைந்து கொடுத்த காகிதத்தையே நம்பிவிட்டேன். அதில் எல்லை ஒரு நேர்கோடு. மண்ணுக்கு மேலே அது சரிதான்.

மூன்றடி ஆழத்தில் கடப்பாரை டங்கென்று இடித்தது. மேஸ்திரி கையால் மண்ணை விலக்கிப் பார்த்தார். உங்கள் அண்ணன் வீட்டுச் சுவரின் அஸ்திவாரம், படிப்படியாக விரிந்து, நம் பக்கம் முக்கால் அடி உள்ளே வந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை, சுவர் நீளத்துக்கும். நம் வீட்டுப் பில்லர்கள் இரண்டுக்கு நான் அடித்தளம் போட்டிருந்ததும் சரியாக அதே இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் இருக்கிற அறையில்தான் உங்கள் அண்ணன் தையல் மெஷினைப் போட்டிருக்கிறார். இப்போது அங்கேயே ஒரு கட்டிலும் போட்டிருக்கிறது. உங்கள் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். கடப்பாரை இடித்ததும் மெஷின் சத்தம் நின்றது. நாங்கள் கடப்பாரையைக் கீழே போட்டு வெகு நேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது.

வேலையை நிறுத்தியிருக்கிறேன். வேறு மாதிரி வரைய முடியுமா என்று பார்க்கிறேன். மனை உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதினேன். நிதானமாக யோசித்து எழுதுங்கள். நிதானம் என்ற வார்த்தையை இரண்டு தடவை படியுங்கள்.

நீங்கள் நல்லபடியாக ஏறி இறங்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டிருக்கும்
உங்கள் குழியம்மா

* * *

என் கோபக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலே வரி. நலமா என்றுகூட இல்லை. நாங்கள் நலம், கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன், கேட்க எப்படி இருக்கிறது பாருங்கள். "மண்ணுக்கு மேலே வீட்டை எடுத்துக்கிட்டான். மண்ணுக்குக் கீழேயும் முக்கால் அடி திருடியிருக்கான். நம்ம இடத்துல இருக்கறதை வெட்டி எறி. முன்மூலையில பூச்சைக் கனமாப் போட்டு மூணு அங்குலம் தள்ளி வெச்சிருக்கானே, அதையும் கொத்தி எடு." ஏழு வருஷமாக அந்த மூலை வீங்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்து நீங்கள் பல்லைக் கடித்தது எனக்குத் தெரியும்.

கடிதம் எழுதியதோடு விட்டீர்களா? என் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரிக்குப் போன் வேறு. வியாழக்கிழமை காலையில் நான் போனபோது இரண்டு ஆட்கள் குழிக்குள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். மேஸ்திரி தலையைச் சொறிகிறார். "மேடம், சார் வெட்டுங்கிறாரு, நீங்க வேணாங்கிறீங்க. வீட்டுல பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க, நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. எட்டு வருஷத்தில் எந்த வேலை இடத்திலும் என் பேச்சுக்கு மறுபேச்சு வந்ததில்லை. என் வீட்டில் வந்தது.

ஏணியில் இறங்கி, அந்தப் பழைய அஸ்திவாரத்தின் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசுக்கு லீவு சொல்லி, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே திறந்தேன். மேஸ்திரி மேலே நின்று சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன், அஸ்திவாரத்துக்குக் காவல் உக்காந்த இன்ஜினியரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சிரிக்கட்டும். கடப்பாரைகள் மேலே போயின.

ஏன் வெட்டக் கூடாது என்று சொல்கிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தச் சுவர் தன் பாதத்தின் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கத்தை வெட்டினால் அது பாதத்தின் விளிம்பில் நிற்கும். விளிம்புக்கு அடியில் இருக்கிற மண் மட்டும் அமுங்கும், சுவர் நம் பக்கம் சாயும். இன்றைக்கே விழாது. முதலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அப்புறம் கதவு சாத்த வராது, அப்புறம் ஒரு மழை. அந்தச் சுவரை ஒட்டித்தான் உங்கள் அண்ணியின் கட்டில் கிடக்கிறது. எழுந்து ஓடக்கூட முடியாது அவரால்.

நம் இடத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிட முடியுமா? சட்டம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது. மண் என்ன சொல்லும் என்று தெரியும்.

வேறு வழி இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பில்லர்களை எல்லையிலிருந்து மூன்றரை அடி உள்ளே தள்ளிவிடுகிறேன். அங்கே அடித்தளம் போட்டால் பழைய அஸ்திவாரத்தைத் தொட வேண்டாம், அதற்குக் கீழேயும் தோண்ட வேண்டாம். பில்லர் தலையிலிருந்து பீமை எல்லைவரை நீட்டி, நீட்டிய கையின் மேல் நம் சுவரைக் கட்டுகிறேன். கை தொங்காதா என்று கேட்பீர்கள். உங்கள் கிரேன் ஏன் கவிழவில்லை? பின்னால் எடை கட்டியிருப்பதால்தானே. இந்தப் பீமுக்கும் பின்முனையில் வீட்டின் நடுப் பில்லர் இருக்கிறது, அதன் மேல் மாடியின் கனம் இருக்கிறது. அது பிடித்துக்கொள்ளும். தினமும் அந்தக் கணக்கின் மேல் ஏறி உட்காருகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இடம் ஒன்றும் குறையாது. அறை அதே அளவுதான்.

இப்போது கணக்கை விட்டுவிட்டுப் பேசுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சுவர் சாயும் என்பது மட்டுமில்லை. உங்கள் பேரைச் சொல்லி அந்தக் கடப்பாரை ஒரு தடவை விழுந்துவிட்டால், நாளைக்கு நீங்கள் ஒப்பந்தம் முடிந்து வந்து நம் புது வீட்டு வாசலில் நின்றாலும் பக்கத்து வாசலை நிமிர்ந்து பார்க்க முடியாது. அந்த வீட்டில் குடியிருக்க எனக்கு வேண்டாம். அதை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வேண்டாம்.

அவர் மேல் கோபம், கோபம் என்கிறீர்கள். ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் கடைசியில் என்ன கேட்கிறீர்கள்? "மனைப் பக்கம் போனியா? மெஷின் சத்தம் கேக்குதா?" என்று ஏதோ அக்கம்பக்கத்து இரைச்சலைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்பீர்கள். கேக்குது என்று சொன்னதும் போனை வைப்பீர்கள். நான் என்ன முட்டாளா? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

அதனால் வெட்ட மாட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீங்கள் சொன்னதற்கு எதிராக நான் செய்கிற முதல் காரியம் இது. இரண்டாவதாக இருக்கலாம், அந்தப் பச்சை சோபாவைச் சேர்த்தால். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்களை விட்டால் வேறு கதியும் இல்லாத
மனைவி

* * *

என் அன்புக்கு உரியவரே,

இந்தத் தடவை உங்களிடமிருந்து பதிலே இல்லை. போனையும் எடுக்கவில்லை. உங்களோடு வேலை செய்கிறவரிடம் கேட்டதில் தினமும் வேலைக்கு வருகிறார், சாப்பிடுகிறார், யாரோடும் பேசுவதில்லை என்றார். சாப்பிடுகிறீர்கள் என்பதே எனக்குப் போதும். பேசாவிட்டால் போகிறது, படித்தால் சரி.

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்து படியுங்கள்.

புது வரைபடத்தின்படி இடத்தைக் குறிப்பதற்காக மேஸ்திரி அந்த வீங்கிய மூலையிலிருந்து நூல் பிடித்தார். ஆணி அடிக்க லேசாக ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். அந்தக் கனமான பூச்சு, ஏற்கெனவே உள்ளே காற்றுப் புகுந்து கிடந்தது போலிருக்கிறது, முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம்வரை மொத்தமாகக் கழன்று விழுந்தது. ஐயோ, வெட்ட வேண்டாம் என்று சத்தம் போட்ட நானே இடித்துவிட்டேனே என்று தலையில் கை வைத்தேன். மேஸ்திரி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "மேடம், இங்க வாங்க. பல் விட்டிருக்காங்க" என்றார்.

முன்சுவர் முடிகிற இடத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பூட்டுப்பல் மாதிரி, கீழிருந்து மேலே வரை. சுவரை அங்கே முடிக்கிறவர்கள் அப்படிக் கட்ட மாட்டார்கள். பின்னால் கை கூடும்போது மீதியைக் கட்டுவோம், புதுச்சுவர் இதில் வந்து கோத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறவர்கள்தான் பல் விட்டு நிறுத்துவார்கள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. குழிக்குள் இறங்கி, அந்த மூலையில் சுவரின் முன்முனை தெரிகிற மாதிரி மண்ணைக் கையால் விலக்கச் சொல்லி, அஸ்திவாரத்தை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தேன். நம் பக்கம் முக்கால் அடி. அவர்கள் பக்கமும் முக்கால் அடி. மூன்று தடவை அளந்தேன்.

எல்லையில் சுவர் எழுப்புகிறவன் அடியை இரண்டு பக்கமும் விரிக்க மாட்டான். தன் பக்கம்தான் விரிப்பான். இரண்டு பக்கமும் சமமாக விரித்தால் அவன் மனதில் அது எல்லையே இல்லை. உங்கள் அப்பா அதை வீட்டின் நடுச்சுவராகத்தான் கட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்கு, இந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்கு, ஒரே கூரை. பாதி கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் நீங்கள் இருவரும் பாகம் பிரித்தபோது சர்வேயர் வந்து சுவரின் இந்த முகத்தில் கோடு போட்டார். கோடு விழுந்த பிறகுதான் அது எல்லைச்சுவர் ஆனது. யாரும் எதையும் திருடவில்லை.

நான் குழிக்குள் நின்று அழுதேன். மாமாவை நான் பார்த்ததுகூட இல்லை.

தலையை நிமிர்த்தினால் எல்லை நூலுக்கு அந்தப்புறம் உங்கள் அண்ணன் நிற்கிறார். கழுத்தில் டேப், கையில் துணி அளக்கிற இரும்பு ஸ்கேல். பூச்சு விழுந்த சத்தம் கேட்டு வந்திருக்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது, உங்களுக்குத் தெரியாது. நான் பதறிப்போய், சின்னவளின் முறை வைத்து, பெரியப்பா, வேணும்னு உடைக்கலை, நானே பூசிக் கொடுத்துடறேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாகம் பிரிச்சதும் இதை உடைச்சுச் சமன் பண்ணிடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. அப்பா விட்ட பல்லை உடைக்க மனசு வரலை. தினம் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியலை. அதான் மேல பூசி மூடிட்டேன்" என்றார்.

மூன்று அங்குலம் தள்ளி வைத்திருக்கிறான் என்று ஏழு வருஷம் சொன்னீர்களே, அது இதுதான்.

அதற்குப் பிறகு அவர், உங்க பில்லர் எங்கே வருது என்று கேட்டார். காட்டினேன். மூன்றரை அடி உள்ளே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "பாத்தும்மா, எங்க வீட்டுத் தண்ணி போற பழைய குழாய் அங்க எங்கயோதான் போகுது. நானும் தம்பியும் சேந்து புதைச்சது. அவன் அப்பச் சின்னப் பையன், மறந்திருப்பான்" என்று சொன்னார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அப்புறம் எல்லை நூலை மெதுவாகத் தாண்டி நம் மனைக்குள் வந்து, ஸ்கேலால் மண்ணில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். தையல்காரர் இழுத்த கோடு, வளைவு நெளிவு இல்லை. அந்த இடத்தில் தோண்டிப் பார்த்தோம், இரண்டு அங்குலம்கூடப் பிசகவில்லை. அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எவ்வளவு வேலையை மிச்சம் பிடித்திருப்பேன்!

அதனால் இன்னொரு தடவை வரைந்தேன். பழைய அஸ்திவாரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற இடம் ஒடுக்கம். தனித்தனியாகச் சதுரமாகப் போட முடியாது. இரண்டு பில்லரையும் சேர்த்து ஒரே அடித்தளமாக, அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டிப் போட்டுவிட்டேன். கனம் தாங்கும். எங்கள் மூத்த பொறியாளரிடம் காட்டினேன், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் அப்படிப் போடுகிறவர் இல்லை.

உங்கள் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படி ஏறினேன். அண்ணி படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு இடிச்சதுல கட்டில் அதிர்ந்துச்சு. இனிமே தினமும் இப்படித்தான்னு நெனச்சேன். நீ நிறுத்திட்டே. யார் நிறுத்தினாங்கன்னு எனக்குப் படுத்திருந்தே தெரிஞ்சுது" என்றார். நீங்கள் வெட்டச் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அது நம் இருவருக்குள் இருக்கட்டும். சின்னவள் அதற்குள் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து பெரியப்பாவிடம் பொம்மைக்குச் சட்டை தைக்க அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இனி உங்கள் சம்மதம் வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டைப் பழைய சுவரோடு கோக்க முடியாது. புதுக் கட்டடம் கொஞ்சம் இறங்கும், பழையது ஏற்கெனவே இறங்கி முடித்தது. சேர்த்துக் கட்டினால் இரண்டும் விரியும். நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும். அந்தப் பல்லை உடைக்காமல் இடைவெளி விட்டால் நம் சுவர் எல்லையிலிருந்து நாலு அங்குலம் உள்ளே நிற்கும். அறை அதே அளவு என்று போன கடிதத்தில் எழுதினேன், அது பொய்யாகிவிட்டது. நாலு அங்குலம் போகும். நான் விடலாம் என்கிறேன். மனை உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒருவருடைய அஸ்திவாரம் இன்னொருவர் மனையில் இருந்தால், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று இரண்டு மனைக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அனுமதி. உங்கள் அண்ணனிடம் முதலில் கொண்டுபோனேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை, பேனாவை வாங்கினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: மற்ற மனைக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு. நான் எத்தனையோ பேருக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் அந்த இடத்தில் பக்கத்து மனை உரிமையாளர் என்றுதான் எழுதுவார்கள். அதையே எழுதச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்ன எழுதினார் என்று நீங்களே பாருங்கள். கூடப் பிறந்த அண்ணன்.

உங்கள் பகுதியில் பெயர், மனை எண், அளவு எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. வீட்டில் எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். இதை நான் நிரப்ப மாட்டேன். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

எழுதிய பிறகு தபாலில் போடுவதற்கு முன்னால், அவருக்கு ஒரு போன். ஒன்றும் பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். அவர் மெஷினை மிதித்துக்கொண்டேதான் எடுப்பார், சத்தத்தை மட்டுமாவது நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழியைத் திறந்தே வைத்திருக்கிறேன். மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

காத்திருக்கும்
உங்கள் குழியம்மா